கலர் வண்டி வருது

பெட்ரோல் தீர்ந்து நடுவழியில் நின்றுவிட்ட ஸ்கூட்டரை ஒருபக்கமாகச் சாய்த்துப் பிடித்து, டேங்கின் மூலையில் ஒதுங்கியிருக்கும் கடைசிச் சொட்டைக் கீழே இறங்க வைத்து, நாலு உதை உதைத்து, 'பங்க் வரைக்கும் வந்துடு தாயே' என்று அதனிடம் கெஞ்சிக்கொண்டே ஓட்டிப்போன அப்பாக்களின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வளர்ந்தவர்கள் நாம். எங்கள் வீட்டு வண்டியில் பெட்ரோல் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் முள் கிடையாது. மூடியைத் திறந்து, வண்டியை லேசாக ஆட்டி, உள்ளே தளும்பும் சத்தத்தைக் காதால் அளந்து, "போயிரலாம்" என்று அப்பா சொல்வார். பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடுவோம். சேராத நாட்களில் அவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நடக்க, அக்காவும் நானும் பின்னாலிருந்து தள்ளுவோம். அப்படித் தள்ளிக்கொண்டு போகையில் சாலையோரப் புளியமரம் ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிய நிழல் தருகிறது என்று கால்களுக்குத் தெரியும்.

அந்தத் தவிப்பை அப்படியே பிடித்து, எங்கோ ஜப்பானில் யாரோ ஒரு விளையாட்டாகச் செய்து வைத்திருந்தார்கள். அதன் பெயர் ரோடு ஃபைட்டர். எங்கள் வீட்டுக்கு அது வந்தது 1995இல், திண்டுக்கல்லில், முழுப்பரீட்சை முடிந்த விடுமுறையில்.

அலுவலக வேலையாக மெட்ராஸ் போயிருந்த அப்பா (அது சென்னை என்று பெயர் மாறியது அடுத்த ஆண்டில்தான்), பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம்மவர்களின் பிழைப்புக்காக உருவான பர்மா பஜாரில், கடை கடையாக ஏறி இறங்கி விலை பேசி வாங்கிய அட்டைப்பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு, பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் தூங்காமல் வந்து சேர்ந்தார். உள்ளே சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பெட்டி, இரண்டு ஜாய்ஸ்டிக், தொட்டால் சுடுகிற ஓர் அடாப்டர், ஒரு துப்பாக்கி, மஞ்சள் நிறத்தில் ஒரு கேசட். 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபாமிகாம் என்ற கருவியின் நகல் அது என்று எனக்குத் தெரிய வந்தது பல ஆண்டுகள் கழித்து. எங்களைப் பொறுத்தவரை அது 'வீடியோ கேம்'. தெருவில் வேறு யாரிடமும் இல்லாததால் அதற்கு வேறு பெயரும் தேவைப்படவில்லை.

டிவிக்குப் பின்னால் போகும் ஆன்டெனா ஒயரைப் பிடுங்கிவிட்டு இதைச் சொருக வேண்டும். பிறகு ஒருவர் பின்புறம் நின்று டியூனரைத் திருக, இன்னொருவர் முன்புறம் நின்று "வருது, வருது, போச்சு, திரும்பவும் வருது, விடு, விடு, கையை எடு" என்று சொல்ல வேண்டும். நீலமும் கறுப்புமாக அலையடிக்கும் திரையில் எழுத்துகள் மெல்லத் தெளிந்து நிலைக்கும் அந்தக் கணம் இருக்கிறதே, நீங்களும் அப்படி ஒருமுறை டிவியின் முன் நின்று கத்தியிருந்தால் அதை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. கேசட் எடுக்கவில்லையென்றால் வெளியே உருவி, வாயருகே வைத்து, புல்லாங்குழல் வாசிப்பவன்போல அதன் பல்வரிசையில் ஊதிவிட்டுத் திரும்பச் சொருகுவோம். ஊதினால் எச்சில் ஈரம் பட்டு உலோகம் கெட்டுப்போகும், ஊதாதீர்கள் என்று நிண்டெண்டோவே எச்சரித்திருக்கிறது. ஆனாலும் ஊதிய பிறகு அது எடுத்ததே! உருவித் திரும்பச் சொருகியதால்தான் எடுத்தது என்பது அறிவியல். ஊதியதால் எடுத்தது என்பது எங்கள் பக்தி.

அந்தக் கேசட்டின் முகப்பில் 99,99,999 விளையாட்டுகள் என்று போட்டிருந்தது. பட்டியலில் கீழே போகப் போக அதே பத்து இருபது விளையாட்டுகள் வெவ்வேறு பெயரில், வெவ்வேறு கட்டத்திலிருந்து தொடங்கும். அதில் எங்களுக்கு வருத்தம் ஏதுமில்லை. ஒரே ஊருக்குப் பல வழிகள் இருப்பதைப்போல அது ஒரு வசதியாகத்தான் தோன்றியது. மாரியோ ஓடினான், டாங்குகள் செங்கல் சுவரைத் துளைத்தன, துப்பாக்கிக்கு வாத்துகள் விழுந்தன. எல்லாம் ஆடி முடித்து, கடைசியில் எல்லோரும் வந்து நிற்குமிடம் அந்தக் கார் விளையாட்டுதான்.

ரோடு ஃபைட்டரைச் செய்தது கொனாமி. 1969இல் ஒசாகாவில் ஜூக்பாக்ஸ் வாடகைக்கு விட்டும் பழுதுபார்த்தும் தொடங்கிய நிறுவனம் அது. 1984இல் காசு போட்டு ஆடும் பெரிய இயந்திரங்களுக்காக வந்த இந்த விளையாட்டு, மறு ஆண்டே ஃபாமிகாமுக்கும் வந்தது. மேலிருந்து பறவைப் பார்வையில் ஒரு சாலை. கீழே நமது சிவப்புக் கார். இரண்டு பட்டன்கள்: ஒன்றை அழுத்தினால் நிதானமான வேகம், மற்றொன்றை அழுத்தினால் மணிக்கு 400 கிலோமீட்டர். மொத்தம் 4 கட்டங்கள். இடது ஓரத்தில், புறப்பட்ட இடத்திலிருந்து போய்ச் சேரும் இடம்வரை ஒரு கோடு. அதில் எறும்புபோல ஊர்ந்து ஏறும் குட்டிக் கார். வலது ஓரத்தில் புள்ளிகள், வேகம், அவற்றுக்குக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும் பெட்ரோல் எண். ஓடும்போது பாட்டு எதுவும் கிடையாது. எஞ்சினின் ரீங்காரம் மட்டும்தான்.

உலகின் தலைசிறந்த பந்தய விளையாட்டுகள் என்று யார் பட்டியல் போட்டாலும் 1982இன் போல் பொசிஷன் இருக்கும், 1986இன் அவுட் ரன் இருக்கும், 1990இன் எஃப் ஸீரோ இருக்கும், 1997இன் கிரான் டூரிஸ்மோ இருக்கும். ரோடு ஃபைட்டரைப் பார்ப்பது அரிது. வளைவில் சாய்கிற அழகு அதில் இல்லை, தொடுவானம் இல்லை, தேர்ந்தெடுக்க நூறு கார்கள் இல்லை. ஆகவே எளிய விளையாட்டு என்று ஒதுக்கிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஃபாமிகாமின் உள்நினைவகம் 2 கிலோபைட்தான். ஒரே கிடைக்கோட்டில் எட்டு உருவத் துண்டுகளுக்கு மேல் அதனால் வரைய முடியாது, ஒன்பதாவது வந்தால் ஏதாவது ஒன்று மறைந்துபோகும். அந்த மட்டுக்குள் நின்றுகொண்டு, மற்றவர்கள் யோசிக்காத ஒன்றை இதைச் செய்தவர்கள் யோசித்திருந்தார்கள்.

இதில் முதலிடம் என்பதே கிடையாது. சாலையில் இத்தனை வண்டிகள் ஓடுகின்றனவே, அவற்றில் ஒன்றுகூட நம்மோடு பந்தயத்துக்கு வரவில்லை. மஞ்சள் கார் தன் பாட்டில் நேராகப் போகும். சில கார்கள் நாம் நெருங்கும்போது பாதை மாறும். லாரி வழியை அடைத்துக்கொண்டு போகும், அதைத் தொட்டால் நாம் சிதறிவிடுவோம். காரின் பக்கவாட்டில் உரசினால் வண்டி சறுக்கும். பதறாமல், அளவாக ஒரு தட்டு தட்டினால் நிமிரும், பதறினால் ஓரத்தில் மோதி வெடிக்கும். வெடித்தால் உயிர் போகாது, பெட்ரோல் குறையும். மூன்று உயிர், ஐந்து உயிர் என்ற கணக்கே இல்லை. மோதலாம், சிதறலாம், திரும்ப எழலாம். பெட்ரோல் இருக்கும்வரை நீங்கள் பயணத்தில் இருக்கிறீர்கள். மாதக் கடைசியில் வீட்டுச் செலவை இழுத்துப்பிடித்து ஓட்டிய எங்கள் அம்மாவுக்கு அந்த விதியை விளக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது.

அப்புறம் அந்தக் கலர் வண்டி. எப்போதாவது ஒருமுறை திரையின் உச்சியில், நிறம் மாறி மாறி மினுமினுத்துக்கொண்டு ஒரு கார் தோன்றும். எல்லா வண்டிகளையும் விட்டு விலகச் சொல்லும் அந்தச் சாலையில், இதை மட்டும் போய்த் தொட வேண்டும். தொட்டால் பெட்ரோல் ஏறும். கண்ணெதிரே இருக்கும் லாரியைக் கவனித்தபடி, தூரத்தில் வரும் கலர் வண்டியையும் கவனித்து, மின்னல் வேகத்தில் அதன் பாதைக்கு மாற வேண்டும். ஒரே ஆளின் கண்கள் இரண்டு இடங்களில் இருக்க முடியாது என்பதால், எங்கள் வீட்டில் அதற்குத் தனி ஏற்பாடு இருந்தது.

அக்காதான் அந்த ஏற்பாடு. என்னைவிட மூன்று வயது மூத்தவள். நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து தெருவுக்கு வரும் மல்லிகை மொட்டுகளை வாங்கி, சுளகில் கொட்டி, நனைத்த வாழைநாரைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, எங்களுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பூக்கட்டுவாள். இரண்டு மொட்டு இந்தப்பக்கம், இரண்டு மொட்டு அந்தப்பக்கம், நாரால் ஒரு சுற்று, ஒரு இழுப்பு. விரல்கள் தாமாக வேலை செய்யும். அவள் குனிந்து பார்க்கவே மாட்டாள். பார்க்க வேண்டியதில்லாத அந்தக் கண்கள் முழுக்க முழுக்கத் திரையின் உச்சியில் இருக்கும். "கலர் வண்டி வருது... வலது, வலதுடா!" அவள் குரல் கேட்டதும் என் கட்டைவிரல் திரும்பிவிடும். நான் பார்த்து முடிவு செய்ததே இல்லை, கேட்டுத் திரும்பினேன். பக்கத்து வீட்டுப் பையன்களும் அவளிருக்கும்போதுதான் தங்கள் சான்ஸ் வர வேண்டுமென்று காத்திருப்பார்கள். அக்கா டியூஷனுக்குப் போன மாலைகளில் யாருமே இரண்டாவது கட்டத்தைத் தாண்டியதில்லை.

மோதாமல் நெடுந்தூரம் போனால், சாலையோரமாகத் துணி பறக்க ஒருவன் ஆகாயத்தில் பறந்து போவான். கூடுதல் புள்ளிகள் தந்துவிட்டு மறைந்துவிடுவான். அவன் கொனாமி நிறுவனத்தின் சொந்த நாயகன், கொனாமி மேன். எங்கள் தெருவுக்கு அவன் சூப்பர்மேன். அவன் வந்துவிட்டால் அறையிலிருக்கும் ஏழெட்டுப் பேரும் எழுந்து நின்றுவிடுவோம். அதே நேரத்தில் கரண்ட் போய்விட்ட நாளொன்றும் உண்டு. இருட்டில் ஒருவரும் பேசவில்லை. அக்காவின் நார் இழுபடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' நேரத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கும் ஆன்டெனா ஒயர் தன் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். மற்ற நேரத்திலும், "ரொம்ப நேரம் ஆடினா பிக்சர் டியூப் போயிரும்" என்று அப்பா நினைவுபடுத்துவார். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை டிவியின் முதுகில் உள்ளங்கையை வைத்து, காய்ச்சல் பார்ப்பதுபோலச் சூடு பார்ப்போம். இப்படிக் கட்டுப்பாடும் காத்திருப்புமாக, ஒரு ஜாய்ஸ்டிக்கை ஏழெட்டுப் பேர் மாற்றி மாற்றிப் பிடித்ததில், ஒருவனுக்கு ஒரு மாலையில் வாய்த்தது பத்து நிமிட ஓட்டம். அந்தப் பத்து நிமிடத்தை மறுநாள் மாலைவரை பேசிக்கொண்டிருக்க முடிந்தது.

அந்தப் பெட்டி எப்போது, எப்படி வீட்டைவிட்டுப் போனது என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அக்காவுக்குக் கல்யாணமானது, நான் படிக்கப் போனேன், வீடு மாறினோம். இத்தனை ஆண்டுகள் கழித்து, சென்ற மாதம், அதே சிவப்பும் வெள்ளையுமாக, உள்ளங்கையில் அடங்கும் ஒரு குட்டிப் பெட்டியை இணையத்தில் பார்த்தேன். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். மறுநாள் காலையில் வாசலில் மணியடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். விலை பேசவில்லை, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வரவில்லை.

அதில் எல்லாமே இருந்தன. டியூனரைத் திருக வேண்டாம்; சொருகியதும் பளிச்சென்று படம் வந்துவிட்டது. ஊதுவதற்குக் கேசட்டே இல்லை. பிக்சர் டியூப் போய்விடும் என்ற கவலையும் இல்லை. டியூபே இல்லாத டிவி இது. வாத்து சுடும் விளையாட்டும் இருந்தது. ஆனால் அந்தக் காலத்துத் துப்பாக்கி, பழைய டிவியின் படக்குழாயில் வெளிச்சம் தோன்றும் கணத்தைக் கணக்கிட்டு வேலை செய்தது. தட்டை டிவி அதன் கண்ணுக்குப் புலப்படாது. முப்பது ஆண்டுகளில் துப்பாக்கிகள் தோற்றன, வாத்துகள் பிழைத்துக்கொண்டன. எனக்கு அதில் மகிழ்ச்சிதான்.

ரோடு ஃபைட்டரைத் திறந்தேன். முதல் ஆட்டத்திலேயே கைக்கும் திரைக்கும் நடுவே கண்ணிமைக்கும் நேரம் இடைவெளி விழுவதை உணர்ந்தேன். அழுத்துவது இப்போது, திரும்புவது சற்றுப் பிறகு. டிவியின் அமைப்புகளுக்குள் போய் விளையாட்டுக்கென்று இருந்த ஒரு வசதியைப் போட்டதும் சரியாயிற்று. பிறகுதான் இன்னொரு வசதியைக் கண்டுபிடித்தேன்: எந்த இடத்திலும் ஆட்டத்தை நிறுத்திச் சேமித்துக்கொள்ளலாம். மோதினால் சேமித்த இடத்துக்கே திரும்பலாம். அன்றிரவே, வீடு தூங்கிய பின், பத்தடிக்கு ஒருமுறை சேமித்துக்கொண்டே போய் நான்கு கட்டங்களையும் முடித்துவிட்டேன். சிறுவயதில் எங்கள் தெருவே கூடியும் முடிக்காதது அது. முடிந்த பின் திரை கொஞ்ச நேரம் எதையோ காட்டியது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன், மின்விசிறி சுற்றியது. யாரையும் எழுப்பிச் சொல்லத் தோன்றவில்லை.

மறுநாள் சேமிப்பு ஏதுமின்றி, பழைய முறையில் நேர்மையாக ஆடிப் பார்த்தேன். முதல் கட்டத்திலேயே பெட்ரோல் தீர்ந்து நின்றேன். மறுபடியும் நின்றேன். மோதி வீணாக்கியது கொஞ்சம்தான். கலர் வண்டிகளைத்தான் தவறவிட்டிருந்தேன். ஒவ்வொன்றும் என்னைக் கடந்து போன பிறகே கண்ணில் பட்டது. என் கண்கள் காரின் மூக்குக்கு நேரே ஒரு சாண் தூரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன, எப்போதும் அங்கேதான் இருந்திருக்கின்றன. திரையின் உச்சியை நான் ஒருநாளும் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. ஒரே ஆள் ஆடும் விளையாட்டு என்று அட்டையில் போட்டிருந்ததை நம்பி, இத்தனை காலம் அதை நான் ஆடியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆடியது இரண்டு பேர்.

சென்ற வாரம் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்காக அக்கா சென்னைக்கு வந்து என் வீட்டில் தங்கினாள். சாப்பாட்டுக்குப் பிறகு, ஒன்றும் சொல்லாமல் டிவியைப் போட்டு, அந்தச் சாலையைத் திறந்தேன். அவள் பின்னால் சோபாவில் உட்கார்ந்து, மகளுக்கு ஃபோனில் ஏதோ பதில் அனுப்பிக்கொண்டிருந்தாள். எஞ்சின் ரீங்காரம் தொடங்கியது. மஞ்சள் கார் ஒன்று, லாரி ஒன்று, இன்னொரு மஞ்சள். "இடதுல வருது பாரு" என்றது பின்னாலிருந்து குரல். என் கட்டைவிரல் திரும்பியது. கலர் வண்டி பட்டு, பெட்ரோல் ஏறியது. திரும்பிப் பார்த்தேன். ஃபோன் மடியில் கவிழ்ந்து கிடந்தது; அவளுடைய கண்கள் டிவியின் உச்சியில் இருந்தன.

"நீ ஆடுறியாக்கா? அப்பல்லாம் உனக்கு இது பிடிக்காதுல்ல?"

"பிடிக்காதுன்னு யாரு சொன்னா?" என்றாள். "சான்ஸ் வேணுமான்னு நீங்க யாரும் கேக்கலையேடா."

கோபமாகச் சொல்லவில்லை. நார் இழுக்கும்போது பேசுவாளே, அந்தக் குரலில்தான் சொன்னாள். ஏழெட்டுப் பையன்களின் பெயரை எழுதி, வரிசை போட்டு, சண்டை போட்டு, அழுது, ஒரு நிமிடம்கூடப் பிசகாமல் சான்ஸ் பிரித்துக்கொண்ட அந்த அறையில், எல்லோரையும் இரண்டாம் கட்டம் தாண்ட வைத்தவளின் பெயர் எந்த வரிசையிலும் இருந்ததில்லை. நான் எழுந்து ஜாய்ஸ்டிக்கை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தேன்.

பின்னாலிருந்து பார்த்தால் அது வேறொரு சாலை. கார் சின்னதாகி, வழி நீளமாகத் தெரிந்தது. எந்த லாரி எங்கே அடைக்கப்போகிறது, எந்த மஞ்சள் காரை ஒட்டிப் போகலாம் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்தது. அக்கா வேகப் பட்டனைத் தொடவே இல்லை. நிதானப் பட்டனை மட்டும் அழுத்தி, எல்லோருக்கும் வழிவிட்டு, கோடு கிழித்ததுபோல ஓட்டிப் போனாள். ஒரு மோதல் இல்லை, ஒரு சறுக்கல் இல்லை. "வேகமா போக்கா, பெட்ரோல் தீர்ந்துரும்" என்றேன். "தீரட்டும், நல்லா இருக்குடா ரோடு" என்றாள். உச்சியில் மினுமினுப்பது தெரிந்ததும் என்னை அறியாமல் கத்தினேன்: "கலர் வண்டி வருது, வலது, வலது!" அவள் திரும்புவதற்குள் அது கடந்து போய்விட்டது. எண் இறங்கி இறங்கிப் பூஜ்யமானது. ரீங்காரம் தேய்ந்து, சிவப்புக் கார் மெல்ல மெல்ல ஊர்ந்து, சாலையோர மரங்களுக்குப் பக்கத்தில் நின்றது.

அக்கா ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைக்காமல், திரையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"நிழல் பாத்துத்தான் நின்னுருக்கு. இன்னொரு சான்ஸ் போடு."